அளவுக் கம்பிகளின் தடை

ஜனவரி 29, ஞாயிறு

நினைவு புதிதாக இருக்கும்போதே நடந்தவற்றைத் திகதியிட்டு எழுதிவையுங்கள் என்று மிஸ் வோல்ஷ் நேற்றுத் தொலைபேசியில் சொன்னார். என் மைத்துனன் தரனின் வழக்கை ஏற்றிருக்கும் சட்டத்தரணி அவர். நானும் சட்டத்தரணிதான், ஆனால் வீடு வாங்கல் விற்றல் மட்டும் பார்ப்பவன். இதே அறிவுரையை இருபத்தாறு வருடங்களாக என் கட்சிக்காரர்களுக்குச் சொல்லிவருகிறேன். ஆகவே எழுதுகிறேன்.

நடந்தது வருமாறு. இம்மாதம் பதினான்காம் திகதி, சனிக்கிழமை பிற்பகல், ஹறோவில் தன் வான் வண்டிக்குள் இருந்தபடி தரன் வேப் எனப்படும் மின்சிகரெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அதன் குழாய்க்குள் இருந்த பற்றரி தீப்பற்றி வெடித்தது. வலது உள்ளங்கையும் மூன்று விரல்களும் எரிந்தன. தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். தரனுக்கு வயது முப்பத்தெட்டு, தனியே வாழ்பவன், சமையலறை அலுமாரிகள் செய்து பொருத்துவது தொழில். வலக்கைக்காரன்.

குழாயும் பற்றரியும் யூட் அன்ரன் என்பவரின் கடையில் வாங்கப்பட்டவை. உள்ளே மின்சுற்று எதுவுமில்லாத பித்தளைக் குழாய் அது. விசையை அழுத்தினால் பற்றரியின் மின்சாரம் தடுப்பாரின்றி நேரே கம்பிச் சுருளுக்குப் போகும். சுருளை நாமே சுற்றிப் பூட்ட வேண்டும். அதன் தடை குறையக் குறையப் பற்றரியிலிருந்து இழுபடும் மின்னோட்டம் கூடும். தாங்கும் எல்லையைத் தாண்டினால் பற்றரி கொதித்து வெடிக்கும். எனவே தடையை அளந்த பின்னரே பாவிக்க வேண்டும்.

குறித்த சுருளின் தடை, சான்றிதழ் பெற்ற மீற்றரால் ஜனவரி ஏழாம் திகதி அளக்கப்பட்டிருந்தது. 0.34 ஓம். அந்த அளவுக்கு ஓடக்கூடியது பன்னிரண்டு அம்பியர். பற்றரி இருபது தாங்கும். ஆகவே பிழை பற்றரியில்.

இன்று காலை தரன் வந்தான். கைப் பயிற்சி கொடுப்பவர் இரண்டு கைகள் கொண்ட ஒரு பிளாஸ்ரிக் பாகைமானியும் ஒரு தாளும் கொடுத்திருக்கிறார். ஞாயிறுதோறும் சுட்டுவிரல் எத்தனை பாகை மடிகிறதென்று அளந்து எழுத வேண்டும். தன் வலக்கை விரலைத் தன் இடக்கையால் அளக்க அவனால் முடியவில்லை. அவனுடைய அக்காவால், என் மனைவி வதனியால், அந்தக் கையைப் பார்க்கவே முடியவில்லை.

"நீங்கள் அளவுங்கோ அத்தான். எங்கட வீட்டில அளவுகாரன் நீங்கள்தானே" என்றான்.

பதினெட்டுப் பாகை.

ஜனவரி 31, செவ்வாய்

மீள்சுழற்சிக் குப்பைக்கான நீலத் தொட்டி வெளியே வைக்கப்பட்டது. என்னுடைய இரண்டு வேப் கருவிகளையும் வதனி ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு அலுமாரியின் உச்சியில் வைத்து இன்றோடு பதினேழு நாள்.

பெப்ரவரி 8, புதன்

யூட் அன்ரன் முன்னறிவித்தலின்றி என் அலுவலகத்துக்கு வந்தார். மன்னார்க்காரர், நாற்பது வயதிருக்கும். ஜக்கற்றைக் கழற்றாமலே இருந்தார்.

"லோயர் அண்ணை, நான் சண்டைக்கு வரேல்லை. ஒண்டே ஒண்டு கேக்கவேணும்."

வழக்கிலுள்ள விடயம் என்றேன்.

"வழக்கை விடுங்கோ. கவுன்சில்காரர் வந்து கடையில இருந்த முழுப் பற்றரியையும் அள்ளிக்கொண்டு போட்டாங்கள். ஃபேஸ்புக்கில என்ர படத்தைப் போட்டு, கை எரிச்சவன் எண்டு எழுதியிருக்கு. பூசைக்குப் போனா ஆக்கள் தள்ளி இருக்கினம். அதையும் விடுங்கோ. தரன் குழாய் வாங்கின அண்டைக்கு நான் சொன்னனான், சுத்தின கொயிலைக் கொண்டு வா, நான் மீற்றரில பாத்துத் தாறன் எண்டு. 'தேவையில்லை, அத்தான் அளப்பார், அவர் அளந்தா அளந்ததுதான்' எண்டிட்டுப் போனவன். நான் கேக்கிறது இதுதான். அளக்க முதல், மீற்றரின்ர ரெண்டு முனையையும் ஒண்டோடை ஒண்டு முட்டிப் பாத்தனீங்களோ?"

"நீங்கள் சுயாதீனமான சட்ட ஆலோசனை பெற்றுக்கொள்வது நல்லது" என்றேன்.

அவர் ஜக்கற்றின் பொத்தானைப் பூட்டினார்.

"'பாத்தனான்' எண்டு சொல்ல எவ்வளவு நேரம் போகும் அண்ணை?"

கேள்வி தொழில்நுட்பம் சார்ந்தது, எதிர்த்தரப்பினர் கேட்டது, பதிலளிப்பது முறையன்று. அவர் எழுந்து போன பிறகு பார்த்தேன்: மேசையிலிருந்த பேப்பர் கிளிப்புகளில் பதினொன்று நிமிர்த்தப்பட்டு, என் கையிலிருந்த பென்சிலில் சுற்றப்பட்டு, சுருள்களாகக் கிடந்தன.

பெப்ரவரி 12, ஞாயிறு

இருபத்து நான்கு பாகை. தரன் விரலை மடிக்கும்போது சத்தம் போடுவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பந்து விளையாட்டைப் பற்றிப் பேசுவான். இன்று ஒரு கோல்காப்பாளனை ஐந்து நிமிடம் ஏசினான்.

பெப்ரவரி 14, செவ்வாய்

மிஸ் வோல்ஷ் என் அளவைக் கொப்பியின் பிரதியைக் கேட்டிருக்கிறார். கொப்பியைப் பற்றி இங்கே குறித்துவைப்பது பொருத்தம்.

முப்பது வருடம் சிகரெட் பிடித்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் மருத்துவரின் சொல்லுக்குப் பணிந்து வேப்புக்கு மாறினேன். கம்பியை நானே அளந்து, சுற்றி, பஞ்சு வைத்துப் பூட்டும் வகைதான் எனக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு சுருளுக்கும் கொப்பியில் ஒரு வரி: திகதி, கம்பி, சுற்றுகளின் எண்ணிக்கை, மீற்றர் காட்டிய தடை. என் கருவிகள் மின்சுற்று உள்ளவை. சுருளைப் பூட்டியதும் தடையைத் தாமே அளந்து திரையில் காட்டும், ஆபத்தென்றால் இயங்க மறுக்கும். அந்த எண்ணுக்கும் ஒரு நிரல் உண்டு. மொத்தம் நாற்பத்தொரு வரிகள். தரனின் குழாயில் திரை இல்லாதபடியால் அவனுடைய வரியில் மட்டும் கடைசி நிரல் வெறுமை.

அவனுடைய வரி உள்ள அந்த ஒரு பக்கத்தின் பிரதியை மட்டும் அனுப்பினேன்.

பெப்ரவரி 15, புதன்

கடைசி நிரலின் தலைப்பில், என் கையெழுத்தில், அடைப்புக்குறிக்குள்: "கருவி குறைத்துக் காட்டுகிறது." இரண்டு வருடங்களுக்கு முன் எழுதியது. மீற்றர் 0.72 என்றால் கருவி 0.50. மீற்றர் 0.65 என்றால் கருவி 0.43.

இன்று இதை மேலும் ஆராயவில்லை. கூரைப் பீலியில் அடைத்திருந்த இலைகளை ஏணி வைத்து அகற்றினேன். மழை பெய்துகொண்டிருந்தது. மழையில் ஏன் செய்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

பெப்ரவரி 16, வியாழன்

ஒரு பெட்டி சிகரெட் வாங்கினேன். திறக்கவில்லை. பதிவுக்காக எழுதுகிறேன்.

பெப்ரவரி 19, ஞாயிறு

முப்பத்தொரு பாகை. தரனுக்குச் சந்தோஷம். இடக்கையால் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "உங்கட கொப்பிதான் அத்தான் எங்கட துருப்பு. மிஸ் வோல்ஷ் சொல்லுறா, இப்பிடி ஒரு சாட்சி தனக்கு இதுவரைக்கும் கிடைக்கேல்லையாம். யூட் துலைஞ்சான்."

"அவருக்கு என்ன நடக்க வேணும் எண்டு நினைக்கிறாய்?"

"கடையைப் பூட்டவேணும். காசுக்கில்லை அத்தான். நான் இரவில முழிச்சுக் கிடக்கேக்குள்ளை நினைக்க ஒரு மூஞ்சி வேணும்."

பெப்ரவரி 22, புதன்

எனது சாட்சிக் கூற்றின் வரைவு வந்திருக்கிறது. மார்ச் பத்தாம் திகதிக்கு முன் கையொப்பமிட வேண்டும். ஒன்பதாம் பந்தி:

"குகநேசன் ஆகிய நான், ஜனவரி ஏழாம் திகதி, செல்லுபடியாகும் சான்றிதழ் கொண்ட மின்னணு மீற்றரைக்கொண்டு மேற்படி சுருளின் தடையை அளந்தேன். மீற்றர் 0.34 ஓம் எனக் காட்டியது."

சொல் சொல்லாகப் பரிசோதித்தேன். திகதி சரி. சான்றிதழ் உண்டு. மீற்றர் அவ்வாறுதான் காட்டியது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. இவ்வளவு நேர்த்தியான பந்தியை நானே எழுதியிருக்க மாட்டேன்.

பெப்ரவரி 24, வெள்ளி

சான்றிதழை எடுத்து வாசித்தேன். மீற்றரின் பெயர், தொடர் இலக்கம், பரிசோதித்த திகதி. "வழங்கப்பட்ட கம்பிகளுடன்" என்று ஒரு வரி.

மீற்றரோடு வழங்கப்பட்ட அளவுக் கம்பிகள் சிவப்பும் கறுப்புமாகத் தடித்தவை. முதல் மாதத்திலேயே, கொப்பியைத் தொடங்கும் முன், ஒன்றின் உறை பிளந்தது. ஞாயிற்றுச் சந்தையில் வேறொரு சோடி வாங்கினேன். மெல்லியவை. சான்றிதழ் மீற்றருக்கு மட்டுமன்றி அந்தக் கம்பிகளுக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டதென்பதை, பத்திரங்களை வாசிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் கவனித்திருக்கலாம்.

பெப்ரவரி 26, ஞாயிறு

முப்பத்தைந்து பாகை. சிகரெட் பெட்டியில் இருபதில் பதினேழு மிச்சம்.

தரன் போன பின் வதனி கேட்டாள்: "உந்த மேசை லாச்சியை எத்தினை தரம் திறந்து மூடுவியள்? மீற்றரை எடுக்கிறியள், திரும்ப வைக்கிறியள். என்னப்பா தேடுறியள்?"

ஒன்றுமில்லை என்றேன்.

"ஒண்டுமில்லாததைத் தேட ஒரு மாதமோ?"

மார்ச் 2, வியாழன்

வீடு திரும்பும் வழியில் பஸ்ஸை ஒரு தரிப்பு முன்னதாக விட்டிறங்கி யூட்டின் கடை வழியே நடந்தேன். அது என் வழக்கமான பாதையன்று. கதவுக் கண்ணாடியில் யாரோ கறுப்பு மையால் ஒரு கையை வரைந்திருந்தார்கள். யூட் வாளியும் துணியுமாக அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அழிந்தது, ஆனால் விரல்களின் ஓரம் மங்கலாகத் தெரிந்தது. அவர் திரும்புவதற்கு முன் நான் வீதியைக் கடந்துவிட்டேன்.

மார்ச் 4, சனி

காலை ஏழு மணி. சமையலறை மேசை. வதனி எழும்பவில்லை.

மீற்றரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டேன். இடையில் சுருள் இல்லை; எதுவும் இல்லை. பூச்சியம் காட்ட வேண்டும்.

0.22.

மீண்டும் தொட்டேன். 0.22.

கொப்பியின் நாற்பது வரிகளிலும் இரு நிரல்களின் வித்தியாசத்தை எழுதினேன். 0.22, 0.22, 0.21, 0.22. கருவி ஒருபோதும் குறைத்துக் காட்டவில்லை.

0.34 கழித்தல் 0.22: 0.12.

நிரம்பிய பற்றரியில் முப்பத்தைந்து அம்பியர். தாங்குவது இருபது.

மார்ச் 5, ஞாயிறு

தரன் வந்ததும் வழக்கம்போலக் கையை மேசையில் வைத்தான். பாகைமானியை எடுக்காமல் மீற்றரை எடுத்து, முனைகளைத் தொட்டுக் காட்டினேன்.

"உது என்ன அத்தான்?"

"கம்பியளின்ர சொந்தத் தடை. சுருளை அளக்கேக்குள்ளை இதுவும் சேர்ந்து விழும். கழிக்கவேணும். நான் கழிக்கேல்லை."

"கழிச்சா?"

எண்களைச் சொன்னேன். அவன் அலுமாரி அளக்கிறவன். கணக்கு விளங்க அவனுக்கு நேரம் எடுக்கவில்லை.

"ஏழு சுத்து இருந்தது" என்றான் மெதுவாக. "ஒவ்வொண்டாக் குறைச்சு மூண்டுக்குக் கொண்டு வந்தது நீங்கள்."

"நான்தான்."

"புகை காணாது எண்டு நான் கேட்டதுக்கு."

"கேட்டது நீ. இன்னும் இடமிருக்கு, குறைக்கலாம் எண்டு சொன்னது நான்."

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெடிச்ச கொயில்?"

"உருகிப் போச்சு."

"அப்ப ஒருத்தரும் அதை அளக்கேலாது."

"ஏலாது."

"உங்கட கூற்றில ஒரு பொய்யாவது இருக்கோ?"

"இல்லை."

"அப்ப என்ன விசருக்கு எனக்கு இதைச் சொல்லுறியள்? கொப்பியைக் கொளுத்திப்போட்டுப் பேசாமல் இருந்திருக்கலாமே!"

"தரன், அத்தானோடை கதைக்கிற கதையே இது?" வதனி வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"நீ கேள் அக்கா. ரெண்டு மாதமா நான் யூட்டை நினைச்சு நினைச்சுத்தான் நோவைத் தாங்கினனான். இப்ப ஆரில கோவிக்கிறது? சொல்லு. இவரிலயோ? இவர் எனக்கு விரல் அளக்கிறார், இவரில எப்பிடிக் கோவிக்கிறது?"

ஜக்கற்றை இடக்கையால் அள்ளிக்கொண்டு போய்விட்டான். விரல் அளக்கப்படவில்லை.

வதனி நாற்காலியில் இருந்தாள். "இது எப்ப இருந்து தெரியும்?"

"நேற்றில இருந்து."

"நேற்றோ?"

யூட் என் அலுவலகத்தில் கேட்ட நிமிடத்திலேயே எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ளாமலிருக்க ஒரு மாதம் பாடுபட்டேன். அதைத்தான் அவளிடம் சொன்னேன். இந்தக் குறிப்புகளை முதலிலிருந்து வாசிக்கும் எவருக்கும் அது விளங்கும். எழுதியவனுக்குத்தான் விளங்க நேரம் எடுத்தது.

மார்ச் 7, செவ்வாய்

கூற்றில் கையொப்பமிட மாட்டேன் என்று மிஸ் வோல்ஷுக்கு எழுதினேன். காரணத்தையும், நாற்பத்தொரு வரிகளையும் இணைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் தொலைபேசி வந்தது. பேச்சு மரியாதையாக இருந்தது. இனித் தரன் என்மேலேயே வழக்குத் தொடரக்கூடும் என்றும், தாம் தரனின் சட்டத்தரணி என்பதால் இதற்குமேல் என்னுடன் பேச முடியாதென்றும் சொன்னார்.

"நீங்கள் சுயாதீனமான சட்ட ஆலோசனை பெற்றுக்கொள்வது நல்லது" என்றார்.

மார்ச் 11, சனி

காலை பத்து மணிக்கு யூட்டின் கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் எவருமில்லை. கொப்பியையும், ஒரு தீப்பெட்டியையும் கண்ணாடி மேசையில் வைத்தேன். நான் சுருள்களை எப்போதும் சோடியாகச் சுற்றுவேன். தரனுக்குச் சுற்றியதன் சோடி, அதே கம்பி, அதே மூன்று சுற்று, தீப்பெட்டிக்குள் இருந்தது.

யூட் கொப்பியைப் புரட்டினார். தன் மீற்றரை எடுத்தார். முதலில் இரு முனைகளையும் முட்டினார். திரை பூச்சியமாகும்வரை ஒரு பொத்தானை அமத்திப் பிடித்தார். பிறகுதான் சுருளைத் தொட்டார்.

0.12.

திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பார்க்கவில்லை" என்றேன். "அன்று நீங்கள் கேட்டதற்குப் பதில் அது. முனைகளை முட்டிப் பார்க்கவில்லை."

"எட்டுக் கிழமை அண்ணை." குரல் உயரவில்லை. "என்ர மூத்தவள் பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு அழுதவள். நான் உங்களிட்டை வந்தது சண்டைக்கில்லை எண்டு முதல் வசனமே சொன்னனான். நீங்கள் எனக்கு ஆலோசனை எடுக்கச் சொன்னியள்."

"என் கையொப்பத்தோடு எல்லாவற்றையும் எழுதித் தருகிறேன். கவுன்சிலுக்கும் அனுப்புகிறேன்."

"எழுதுங்கோ. நல்லா எழுதுவியள்." தீப்பெட்டியை மூடி என்னிடம் தள்ளினார். "மன்னிப்புக் கேக்க வந்தனீங்கள் எண்டா இண்டைக்கு வேண்டாம். இண்டைக்கு என்னாலை ஏலாது."

வெளியே வந்து சிகரெட் பெட்டியை எடுத்தேன். பெட்டியில் ஒன்பது இருந்தன. மழைநீர் ஓடிய வாய்க்காலில் அவற்றைப் போட்டேன்.

மார்ச் 12, ஞாயிறு

தரன் வரவில்லை.

மார்ச் 17, வெள்ளி

யூட் மீதான வழக்கைத் தரன் விலக்கிக்கொண்டதாக வதனி சொன்னாள். என்மேல் தொடர்வானா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கவுன்சிலுக்கு ஆறு பக்கக் கடிதம் அனுப்பப்பட்டது.

அனுப்பினேன்.

மார்ச் 19, ஞாயிறு

வரவில்லை. பாகைமானி மேசையில் இருந்தது. வதனி அதைத் துடைத்து அதே இடத்தில் வைத்தாள்.

மார்ச் 23, வியாழன்

கொதிகலன் திருத்துபவர் வந்தார். தன் அழுத்தமானியைப் பூட்டுவதற்கு முன் அதை ஒருமுறை தட்டிப் பார்த்தார். ஏன் தட்டுகிறீர்கள் என்று கேட்டேன். பழக்கம் என்றார்.

மார்ச் 26, ஞாயிறு

கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தும் நாள். கதிரைமேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது முன்கதவு மணி அடித்தது. வதனி திறந்தாள்.

தரன் ஜக்கற்றோடு வந்து மேசையில் இருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

"பயிற்சிக்காரி ஏசுறாள். மூண்டு கிழமை தாள் வெறுமையாக் கிடக்குது எண்டு."

நான் கதிரையிலிருந்து இறங்கினேன்.

"நான் யூட்டிட்டைப் போனனான்" என்றான் மேசையைப் பார்த்து. "கடையில நிண்ட ஆக்கள் போகுமட்டும் வெளியில நிண்டனான். பிறகு, உனக்கு அந்தக் குழாயை வித்திருக்கக் கூடாது எண்டான். நான், கொயிலை உன்னட்டைக் கொண்டு வந்திருக்கவேணும் எண்டன். அவ்வளவுதான். உங்களைப் பற்றிக் கதைக்கேல்லை."

"சரி."

"உங்களோடை எனக்கு இன்னும் கோவம் அத்தான்."

"தெரியும்."

"தெரியும் எண்டாச் சரி."

வலக்கையை நீட்டி மேசையில் வைத்தான். புதிய தோல் இளஞ்சிவப்பாக மினுங்கியது. நான் பாகைமானியை எடுத்து அவன் விரலருகே கொண்டுபோனேன். அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"முதல்ல உதைச் சரி பாருங்கோ."

பாகைமானியின் இரண்டு கைகளையும் ஒரே கோட்டில் மேசையின் விளிம்போடு அணைத்து வைத்தேன். முள் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தேன். அவனும் குனிந்தான். வதனியும் வந்து குனிந்தாள்.

"பூச்சியம்" என்றேன்.

"தள்ளுங்கோ பாப்பம்." தரன் தானே ஒருமுறை பார்த்தான். பிறகுதான் கையை முன்னே வைத்தான்.

நாற்பத்தெட்டுப் பாகை. அளந்தது நான்.